மஞ்சள் குடம் சொன்ன வரிசை

ஒரு கோடையில் ஒரு தெரு இருந்தது. அந்தத் தெருவில் நாற்பத்தொரு வீடுகள். வீட்டுக்கு ஒரு குழாய் உண்டு; தண்ணீர்தான் கிடையாது. ஒன்றுவிட்டு ஒருநாள் காலை ஏழு மணிக்கு லாரி வரும். அதற்கு முந்தின நாள் சாயங்காலமே வீட்டுக்கு ஒரு குடம் தெருவோரம் வந்து வரிசையில் நின்றுவிடும்.

குடம் நின்றால் அந்த வீட்டு ஆள் நின்ற மாதிரி. அதை யாரும் எட்டி உதைக்க மாட்டார்கள், நகர்த்த மாட்டார்கள். இப்படி நின்று நின்றே அந்தத் தெருக் குடங்களுக்குப் பேச்சும் வந்துவிட்டது. ஆளுக்குப் பதில் நிற்கத் தெரிந்ததற்கு ஆளுக்குப் பதில் பேசத் தெரியாதா என்ன?

அவற்றில் ஒன்று மஞ்சள் குடம். கழுத்தில் விரிசல் விட்டு, பழுக்கக் காய்ச்சிய கரண்டியால் ஒட்டிய தழும்பு. வாயும் கொஞ்சம் கோணல். ஆனால் யாராவது ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது வார்த்தை திருப்பிச் சொல்லும்.

அதன் வீட்டுக்காரி அஞ்சுகம். ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவு வேலை. காலை ஐந்தேகாலுக்கு பஸ் ஏறினால்தான் ஆறு மணி ஷிப்டுக்குப் போய்ச் சேர முடியும். லாரி வரும் நேரத்தில் அவள் மூன்றாவது மாடி வராண்டாவைத் துடைத்துக்கொண்டிருப்பாள். அவளுடைய பிள்ளைகள் இரண்டுக்கும் லாரி டியூபைத் தூக்கிப் பிடிக்கிற வயசில்லை. ஆனாலும் அவள் வீட்டில் தண்ணீர் இல்லாமல் போனதில்லை. எப்படி என்று யாரும் கேட்டதில்லை. கேட்காததால் யாரும் சொன்னதுமில்லை.

அந்தச் சித்திரையில் ஒரு சண்டை வந்தது. ஒரே வீட்டிலிருந்து இரண்டு குடம் வரிசைக்குள் நுழைந்துவிட்டன. வாய்ச்சண்டை கைச்சண்டையாகி, ஒரு பச்சைக் குடத்துக்கு இடுப்பு நசுங்கியது. தெருச் சங்கத்தின் செயலாளர் தயாபரனுக்கு இது பொறுக்கவில்லை. ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர்.

"உலகம் எங்கேயோ போயிட்டிருக்கு. நாம இன்னும் குடத்தை நிறுத்தி வெச்சு அசிங்கப்பட்டுக்கிட்டிருக்கோம்" என்றார்.

அவருடைய போனில் ஓர் ஏஐ குடியிருந்தது. ஆப் எழுதத் தெரிய வேண்டாம். என்ன வேண்டும் என்று பேசினால் போதும், கட்டிக் கொடுத்துவிடும். தயாபரன் சங்க அறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"தண்ணீர் லாரிக்கு ஒரு வரிசை ஆப் வேண்டும். முதலில் பதிவு செய்பவருக்கு முதல் இடம். சண்டை வரக் கூடாது. பார்க்க நாகரிகமாக இருக்க வேண்டும்."

"நிச்சயமாக!" என்றது ஏஐ. அதற்கு எதைச் சொன்னாலும் நிச்சயம்தான்.

டீ ஆறுவதற்குள் ஆப் வந்து நின்றது. நீல நிறத்தில், மூலையில் ஒரு நீர்த்துளிப் படத்தோடு. காலை ஆறு மணிக்குப் பதிவு திறக்கும். போனுக்கு ஓடிபி வரும். லாரி வந்தால் ஐந்து நிமிஷத்துக்குள் 'வந்துவிட்டேன்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் பெயர் போய்விடும்.

தயாபரன் வீட்டில் ஓர் எவர்சில்வர் குடம் இருந்தது. செய்தி கேட்டதும் அதற்கு முகமெல்லாம் பளபளப்பு. "அப்பாடா! இனிமே இந்த பிளாஸ்டிக் கூட்டத்தோட வெயில்ல நிக்க வேணாம்."

முதல் நாள் வந்தது. தெருவோரம் வெறிச்சோடிக் கிடந்தது. குடம் வைக்கக் கூடாது என்று உத்தரவு. சரியாக ஆறு மணிக்கு வரிசையில் முதல் ஆளாக வந்து நின்றவன் யார் தெரியுமா? ராஜலட்சுமியின் மகன் தினகர். அவன் இருப்பது ஷார்ஜாவில். அங்கே நாலரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, அம்மாவுக்கு முதல் இடமும் சித்திக்கு இரண்டாம் இடமும் போட்டுவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டான். கடலுக்கு அந்தப் பக்கம் போர்வைக்குள் இருந்தவனுக்குத் தண்ணீர் முதலில்.

அஞ்சுகம் ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று பதிவு செய்திருந்தாள். பதினெட்டாவது இடம். ஆனால் ஆஸ்பத்திரியில் வேலைக்குள் நுழையும்போது போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். லாரி வந்தபோது அந்தப் போன் பூட்டுக்குள் கிடந்து உறுமியது. ஏழு ஐந்துக்கு அவள் பெயர் அழிந்தது.

மூன்று மணிக்கு அவள் வீட்டுக்கு வந்தாள். மஞ்சள் குடம் அடுப்படியில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தது. பக்கத்து வீட்டு மும்தாஜ் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"நான் பிடிச்சுத் தரேன்னு எவ்வளவோ சொன்னேன்க்கா. லிஸ்ட்ல பேரே இல்ல, யாருக்குப் பிடிப்பீங்கன்றாரு செகரெட்டரி. பேரு போனா வீடும் போயிடுமான்னு கேட்டேன். எனக்கு கம்ப்யூட்டர் தெரியாதாம்."

மும்தாஜ் கொடுத்த இரண்டு குடத்தில் அஞ்சுகம் பிள்ளைகளைக் குளிப்பாட்டினாள், சோறு வடித்தாள். தன் சீருடையைத் துவைக்கவில்லை. அப்புறம் மஞ்சள் குடத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சூப்பர்வைசர்கிட்ட ஒரு மணி நேரம் லேட்டா வரட்டான்னு கேட்டேன். வீட்லயே இருந்துக்கன்றான். அடுத்த லாரிக்கும் இதே கதின்னா வேலையை விட்டுட வேண்டியதுதான். வேலையா தண்ணியான்னா, நான் என்னத்தச் சொல்ல?"

மஞ்சள் குடத்துக்குச் சுர்ரென்று ஏறியது. 'இத்தனை வருஷம் நான் நின்ற நிற்பு எங்கே போச்சு? ஒரு பொத்தானுக்கு இருக்கிற மதிப்பு எனக்கு இல்லையா?' மறுநாள் மத்தியானமே அது உருண்டு உருண்டு சங்க அறைக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கு அடுத்த நாள் காலை லாரி வரும், நேரம் குறைவு.

அறையில் தயாபரன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மேசையில் போன். மூலையில் எவர்சில்வர் குடம்.

"அண்ணே, ஆப் கட்டினது யாரு?" என்று கேட்டது மஞ்சள் குடம்.

"நான்தான்" என்றார் தயாபரன், பேப்பரை மடிக்காமலே.

"நீங்க கம்ப்யூட்டர் கோடு எழுதுவீங்களா?"

"அதெல்லாம் ஏஐ எழுதிக்கும்."

"அப்ப நீங்க என்ன செஞ்சீங்க?"

"நான் சொன்னேன்."

"அவ்வளவுதானே! பேசினீங்க. பேசுறது எனக்கும் வரும்ணே."

எவர்சில்வர் குடம் சிரித்தது. உள்ளே ஒன்றும் இல்லாததால் அந்தச் சிரிப்பு டங் டங் என்று அறை முழுக்க அடித்தது. "இது படிச்சவங்க சமாச்சாரம்டீ. வாய் கோணினதெல்லாம் வந்து சொல்லிக்கொடுக்கிறதுக்கு இது என்ன குழாயடியா?"

"குழாயடி சமாச்சாரம்தானேக்கா கட்டியிருக்கு? குழாயடியில நிக்கிறவகிட்ட கேக்காம, வீட்டுக்குள்ள பளபளன்னு உக்காந்திருக்கிறவகிட்டயா கேப்பாங்க?"

தயாபரனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். மஞ்சள் குடம் போன் பக்கம் திரும்பியது.

"ஏம்ப்பா ஏஐ, வரிசைன்னா உனக்கு என்னன்னு தெரியுமா?"

"நிச்சயமாக! எத்தனையோ வரிசைகளைப் பற்றி நான் படித்திருக்கிறேன்."

"ஒண்ணுலயாவது நின்னிருக்கியா?"

"இல்லை."

"அஞ்சுகத்தோட பேரை ஏன் அழிச்ச?"

"அவர் பொத்தானை அழுத்தவில்லை. வராதவர் பெயரை என்ன செய்வது என்று செயலாளர் ஐயா சொல்லவில்லை. சொல்லாத இடங்களை நானே நிரப்பிக்கொள்வேன்."

"என்னன்னு நிரப்புன?"

"எல்லோர் கையிலும் எப்போதும் போன் இருக்கும், காலை ஏழு மணிக்கு எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்று."

"அப்படி எந்தத் தெருவுலப்பா இருக்காங்க? நீ செயலாளர் ஐயா வீட்டைப் பாத்துட்டு நாற்பது வீட்டை நிரப்பியிருக்க. குடம்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

"குடம் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை" என்றது ஏஐ. அதில் பொய் இல்லை.

தயாபரன் பேப்பரை மடித்துவிட்டார். "இந்தா பாரு. நாளைக்கு ஒரு நாள். உன் இஷ்டத்துக்குச் சொல்லு, கட்டட்டும். ஒரு சண்டை வந்தாலும் பழையபடி என் ஆப்தான். அதுக்கப்புறம் குடம், பானைன்னு எவளும் இந்த அறைப் பக்கம் வரக் கூடாது."

"சரிண்ணே" என்றது மஞ்சள் குடம். அஞ்சுகத்தின் வேலை அதன் கோணல் வாயில் இருந்தது.

சேதி தெருவில் பறந்தது. 'நாளைக்குக் குடம் வைக்கலாமாம்!' கதவுகள் திறந்தன. சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் குடங்கள் ஓடிவந்து இடம் பிடித்தன. மஞ்சள் குடம் மட்டும் அறைக்குள்ளே நின்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தது.

ஏனென்றால், சொல்ல ஆரம்பித்த பிறகுதான் அதற்கு ஒன்று தெரிந்தது. தினமும் செய்கிற காரியத்தைச் சொல்வது செய்வதைவிடக் கஷ்டம்.

"எழுதிக்கோ. குடம் நின்னா ஆள் நின்ன மாதிரி."

"நிச்சயமாக!" ஏஐ இரண்டே நிமிஷத்தில் கட்டிக்கொண்டு வந்தது. "குடத்தைப் படம் எடுத்து அனுப்பினால் இடம் பதிவாகும்."

மஞ்சள் குடம் ஆப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. "ஷார்ஜாவுல குடம் விக்காதா? அவன் ஒண்ணு வாங்கிப் படம் எடுத்து அனுப்புவான். பிரி இதை."

"அப்படியானால் குடம் தெருவில்தான் இருக்கிறது என்பதற்குச் சான்று என்ன?"

"சான்றா?" மஞ்சள் குடம் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தது. அங்கே நீலக் குடம் சிவப்புக் குடத்திடம் 'உன் முன்னாடி யாரு?' என்று கேட்டுக்கொண்டிருந்தது. மஞ்சளுக்குப் பட்டென்று பிடிபட்டது.

"எங்க வரிசையில வந்து நிக்கிறவ முதல்ல கேக்கிறது, எனக்கு முன்னாடி யாருன்னுதான். என்னை நான் சொல்ல மாட்டேன். எனக்குப் பின்னாடி நிக்கிறவ என்னைச் சொல்லுவா. நான் எனக்கு முன்னாடி இருக்கிறவளைச் சொல்லுவேன். அதனாலதான் ஒருத்தியும் ஏமாத்த முடியாது. எழுதிக்கோ."

"ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு, கடவுச்சொல்..."

"ஒண்ணும் வேணாம். தெருவுக்கு ஒரு போன் போதும். ஒருத்தி கையில எடுத்துக்கிட்டு வரிசை நெடுக நடப்பா. பின்னாடி நிக்கிறவ முன்னாடி இருக்கிற வீட்டுப் பேரைச் சொல்லுவா. போன் இல்லாத வீடும் வீடுதான்."

இந்த முறை ஏஐ 'நிச்சயமாக' என்று சொல்லவில்லை. "இன்னொரு முறை சொல்லுங்கள்" என்றது. மஞ்சள் குடம் நிமிர்ந்து உட்கார்ந்து இன்னொரு முறை சொன்னது.

"லாரி வரும்போது ஆள் இல்லாவிட்டால்?"

"பின்னாடி இருக்கிறவ முன்னாடி இருக்கிறவளுக்குப் பிடிச்சு வெச்சுட்டுத்தான் தனக்குப் பிடிப்பா."

"எப்போதுமா?"

"எப்பவும். இல்லைன்னா எங்க அஞ்சுகம் வீட்டுல இத்தனை வருஷம் எப்படி உலை கொதிச்சுது?"

தயாபரன் தலையைத் தூக்கிப் பார்த்தார். இத்தனை வருஷம் அதே தெருவில் இருக்கிறார். அவருக்கே இது இன்றைக்குத்தான் காதில் விழுகிறது.

"பின்னால் இருப்பவர் பிடித்துத் தர மறுத்தால்?" என்றது ஏஐ. "அதற்கு ஒரு விதி வேண்டும். அபராதம் போடலாம். ஒரு வாரம் வரிசையிலிருந்து நீக்கலாம்."

மஞ்சள் குடம் ஜன்னலுக்கு வெளியே நின்ற வரிசையை மறுபடி பார்த்தது. பிறகு சொன்னது: "அந்தக் கட்டத்தைக் காலியா விடு."

"காலியாக விட எனக்குப் பழக்கமில்லை."

"பழகிக்கோ. அது உன் வேலை இல்ல. நாங்க பாத்துக்கிறோம்."

கடைசியில் ஏஐ எல்லாவற்றையும் ஒரு தடவை வாசித்துக் காட்டியது. ஜன்னலுக்கு வெளியே குடங்கள் எல்லாம் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தன. அவற்றுக்குத் தெரியாத சேதி அதில் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் தங்கள் பேச்சு ஒரு யந்திரத்தின் வாயிலிருந்து சட்டமாக வருவதைக் கேட்டபோது, இடுப்பு நசுங்கிய பச்சைக் குடம்கூடக் கொஞ்சம் நிமிர்ந்தது. "இவ்வளவு வெவரமாவாடீ நாம நின்னுக்கிட்டிருந்தோம்?" என்றது.

வேலையை முடித்துக்கொண்டு மஞ்சள் குடம் வெளியே வந்தபோது வரிசை தெருக்கோடிக்குப் போய்விட்டது. ஊருக்கெல்லாம் வரிசை சொன்ன குடத்துக்குக் கிடைத்த இடம் நாற்பதாவது. எவர்சில்வர் குடமோ, 'நான் போகவே மாட்டேன்' என்று முறுக்கிக்கொண்டு நின்று, கடைசியில் வேறு வழியில்லாமல் மஞ்சளுக்குப் பின்னால் வந்து நின்றது. நாற்பத்தொன்று.

காலையில் லாரி வந்தது. டிரைவர் இறங்கும்போதே கையை விரித்தான். "இன்னைக்குப் பாதி லோடுதான்மா. வீட்டுக்கு மூணு குடம். அதுக்கு மேல கேக்காதீங்க."

வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. தயாபரன் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சண்டை வந்தால் அவர் ஆப் திரும்பி வரும். ஆனால் மும்தாஜ் செயலாளரின் போனைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தாள். "ஒண்ணு, ராஜலட்சுமிக்கா. ஆள் இருக்காங்க. ரெண்டு, செல்லம்மா வீடு. ஆள் இல்ல. பின்னாடி யாரு? பிடிச்சு வைங்க." ராஜலட்சுமி அன்றைக்குத் தானே எழுந்து வந்து நின்றிருந்தாள். யாரும் யாரையும் தள்ளவில்லை. தள்ளி என்ன பயன்? பின்னால் இருப்பவள்தானே பெயரைச் சொல்ல வேண்டும்!

முப்பத்தொன்பது முடிந்தது. டியூபில் தண்ணீர் விரல் தடிமனுக்கு இளைத்துவிட்டது. டிரைவர் லாரியின் வயிற்றைத் தட்டிப் பார்த்தான். "இன்னும் மூணு குடம் தேறும்."

மும்தாஜ் போனைப் பார்த்தாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "நாப்பது. அஞ்சுகம் வீடு. ஆள் இல்ல. பிடிச்சுத் தர வேண்டியது... செகரெட்டரி சார்."

தயாபரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து டியூபைக் கையில் வாங்கினார். வாசலிலிருந்து அவர் மனைவி வசந்தா குரல் கொடுத்தாள்.

"நம்ம குடத்துல பிடிங்க! மூணு குடம்தான் இருக்காம். அவ என்ன இங்க நின்னு பாத்துக்கிட்டா இருக்கா?"

தயாபரன் மும்தாஜ் கையிலிருந்த போனைப் பார்த்தார். 'மறுத்தால்' என்று எழுதியிருந்தது. அதற்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது. அபராதம் இல்லை, நீக்கம் இல்லை, ஒன்றுமில்லை. அவர் தலையைத் தூக்கினார். தெரு முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஒன்பது வார்த்தை திருப்பிச் சொல்லும் மஞ்சள் குடம்கூடப் பேசவில்லை.

டியூபிலிருந்து சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுந்தது.

"என்னங்க! காதுல விழலையா?"

"ஆள் நிக்குதுடி முன்னாடி" என்றார் தயாபரன். "கண்ணு தெரியல?"

சொல்லிவிட்டு டியூபை மஞ்சள் குடத்தின் கோணல் வாய்க்குள் விட்டார்.

அது நிரம்பியது. அஞ்சுகம் வீட்டு இரண்டாவது குடம் நிரம்பியது. மூன்றாவதும் நிரம்பியது. எவர்சில்வர் குடத்துக்கு ஒரு சாண் உயரம்கூட வரவில்லை. லாரி இருமிவிட்டு நின்றது.

மும்தாஜ் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். தன் மூன்றாவது குடத்தைத் தூக்கிவந்து எவர்சில்வர் குடத்துக்குள் சாய்த்தாள். பச்சைக் குடத்தின் வீட்டுக்காரி வந்து இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். இதற்கெல்லாம் ஆப்பில் ஒரு வரிகூடக் கிடையாது. எவர்சில்வர் குடம் சிரிக்கவில்லை. டங் என்ற சத்தமும் அதற்கு வரவில்லை.

தயாபரன் மும்தாஜிடமிருந்து போனை வாங்கி, தன் பழைய ஆப்பைத் தேடி எடுத்து, தானே அழித்தார். அழிக்கும்போது கொஞ்சம் வலித்திருக்கும். ஆனால் பக்கத்துத் தெருச் சங்கத்துக்காரர் சைக்கிளை நிறுத்தி, "சார், இந்த ஆப்பை எந்தக் கம்பெனில செஞ்சீங்க?" என்று கேட்டபோது, அவர் மார்பை நிமிர்த்திக்கொண்டுதான் பதில் சொன்னார்.

"கம்பெனியா? எங்க தெருக் குடம் கட்டினது சார்."

மூன்று மணிக்கு அஞ்சுகம் வந்தாள். அடுப்படியில் மூன்று குடமும் கழுத்து மட்டும் நிறைந்திருந்தன. மும்தாஜ் எல்லாக் கதையையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுப் போனாள். அஞ்சுகம் சீருடையை நனைத்துப் போட்டாள். பிறகு மஞ்சள் குடத்தின் தழும்பை முந்தானையால் துடைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தாள்.

"எங்க ஆஸ்பத்திரிலயும் ஒரு ஆப் இருக்கு. யாருக்கு எந்த ஷிப்டுன்னு அதுதான் போடும். கைக்குழந்தைக்காரிக்கு நைட்டு போடும், எங்களுக்குள்ள மாத்திக்க விடாது. நாங்க முப்பது பேரும் தெனம் அதோட அழுறோம். நீ வந்து பேசிக் குடுக்கிறியா? உனக்குத்தான் வாய் இருக்கு."

"எனக்கா?" என்றது மஞ்சள் குடம். "நான் என்னிக்கு உன் ஆஸ்பத்திரியில நின்னேன்? அங்க நிக்கிறது நீ."

அஞ்சுகம் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். தன் போனை எடுத்து, அதே ஏஐயைத் திறந்து, சுவரில் சாய்த்து வைத்தாள். எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, சூப்பர்வைசர் எதிரில் ஒருநாளும் வராத குரலில் சொன்னாள்:

"இந்தா, நான் முடிக்கிற வரைக்கும் 'நிச்சயமாக'ன்னு சொல்லாத. கேளு."